எஸ்தர் அம்மாள் வாசித்த இடம்

போன மாதம் எங்கள் காக்ஸ் டவுன் சர்ச் பாடகர் குழுவில் ஒரு சண்டை. பழைய கீர்த்தனைகளைக் கேசட்டாகப் போடுகிறோம். சண்டை இல்லாமல் கேசட் வருமா?

எங்கள் சபையில் ஒரு பாட்டு உண்டு. சரணம் முடிந்ததும் உடனே பல்லவிக்குத் திரும்ப மாட்டோம். எல்லோரும் வாயை மூடிக்கொண்டு சற்று நிற்போம்... அப்புறம்தான் பல்லவி. ஏன் என்று நான் யோசித்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் யாருக்கு அந்த ஆராய்ச்சி?

கீபோர்டு வாசிக்கும் ஸ்டான்லி யோசித்தார். திருநெல்வேலியிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவர்.

"இந்த கேப் வேணாம். கேக்குறவங்க டேப் கெட்டுப்போச்சுன்னு நெனைப்பாங்க."

நியாயம்தானே? தலையாட்டினோம். குழுவிலேயே மூத்தவரான ஃப்ளோரா ஆன்ட்டி மட்டும் விருட்டென்று எழுந்தார்.

"அது எங்கம்மா வயலின் வாசிச்ச எடம்ப்பா. அத வெட்டினா நான் பாட வரல."

அம்மா பெயர் எஸ்தர் அம்மாள். அந்தக் காலத்தில் எங்கள் சபைப் போதகராக இருந்த ஐயரின் மனைவி. சபை முன்னால் பொம்பளை வில் பிடிப்பதா என்று முன்வரிசை முணுமுணுக்க, அம்மாள் தன் பாட்டுக்கு வாசித்தாராம். பாட்டு எழுதுவது ஐயர், மெட்டுப் போடுவது அம்மாள். புத்தகத்தில் ஐயர் பெயர் மட்டும்தான். மெட்டு என்ன, வானத்திலிருந்தா விழுந்தது?

"அம்மாவ அடக்கம் பண்ணின அடுத்த ஞாயித்துக்கெழம இதே பாட்டு. அந்த எடம் வந்துச்சு. யாரும் சொல்லல... சபையே நின்னுடுச்சு. அவங்க வாசிச்சு முடிக்கிற நேரம் வரைக்கும் காத்திருந்துதான் பாடினாங்க. நான் சின்னப் பொண்ணு. அம்மா வந்துட்டாங்கன்னு திரும்பித் திரும்பிப் பாத்தேன்."

ஸ்டான்லி கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல ரிதம் ஆன் பண்ணிட்டா தாளம் நடுவுல நிக்காது ஆன்ட்டி" என்றார் மெதுவாக. பிறகு அவரே, "பரவால்ல... ரிதமே வேணாம், விடுங்க" என்று ஸ்விட்சை அணைத்தார்.

பாடினோம். அந்த இடத்தில் நின்றோம். ஃபேன் சத்தமும் தெருவில் போன ஆட்டோ ஹாரனும் பதிவாகியிருக்கின்றன.

போன ஞாயிறு கேசட் வந்தது. உறைக்கு மேட்டர் எழுதிக் கொடுத்தவர் ஸ்டான்லிதான். ஐயர் பெயர் இருக்கிறது, எங்கள் பெயர்களும் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலே முதல் வரி — 'மெட்டு, வயலின்: எஸ்தர் அம்மாள்'.

ஆன்ட்டி அதைப் படித்துவிட்டு அழுதார். நாங்களும்தான்.

கேசட் வீடு வீடாகப் போய்விட்டது. வயலின் சத்தத்தைக் காணோமே என்று எங்கள் சபையில் இதுவரை ஒருவர்கூடக் கேட்கவில்லை!