செடி பார்க்க வருகிறவர்

நான் அந்த வீட்டுக்கு இரண்டாம் தாரமாகப் போனேன். கோயமுத்தூருக்குக் கிழக்கே, மில்லுச் சங்கு காற்று வாக்கில் மட்டும் கேட்கிற தூரத்தில் ஊர். முப்பதுகளின் தொடக்கம் அது. டவுனில் மில்லுக்கு மேல் மில்லாக எழும்பிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரிலோ சோளமும் பருத்தியும் வானத்தைப் பார்த்தபடி நின்றன. மூத்தவள் இரண்டாவது பிரசவத்தில் வயிற்றுப் பிள்ளையோடு போய்விட்டாள். அவள் விட்டுப்போனது பால்பல் விழுகிற வயதில் ஒரு பெண் குழந்தை. அப்புறம், வீட்டுக்குப் பின்னால் பொடக்காணியில் அவள் வைத்த செடிகள்.

செடி என்றால் நாலு கத்தரியும் மிளகாயும் என்று நினைத்துவிட வேண்டாம். எலுமிச்சை, கறிவேப்பிலை, மருதாணி, மல்லிகை எல்லாம் அவள் பிறந்த ஊரிலிருந்து, காங்கேயத்துப் பக்கமிருந்து, வேர்மண்ணோடு வண்டியில் ஏறி வந்தவை. பந்தலில் ஏறுகிற அவரைக்குக்கூட அந்த ஊர் விதைதான். எங்கள் ஊர் மண்ணில் அவை பிழைத்ததே பெரிய காரியம் என்று எல்லாரும் சொன்னார்கள். என் காது படச் சொன்னார்கள்.

கல்யாணம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கோயிலில் தாலி கட்டிக் கூட்டி வந்தார்கள். பந்தியில் சாப்பிட்டு எழுந்து கை கழுவுகிற இடத்தில் மூத்தவளின் அண்ணன் என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் கேட்கட்டும் என்றுதான் அவ்வளவு சத்தமாகப் பேசினார்.

“மாப்ளே, புள்ளைய இப்பத்திக்கு இங்கயே உட்டுட்டுப் போறனுங்க. அப்பப்ப வந்து என்ற தங்கச்சி வெச்ச செடியப் பாப்பேன். செடி நல்லா இருந்தா புள்ளையும் நல்லா இருக்குதுன்னு எடுத்துக்குவேன். செடி காஞ்சு கெடந்துச்சுன்னா புள்ளையக் கூட்டீட்டுப் போயிருவனுங்க. அப்பறம் என்னையக் குத்தம் சொல்லப்படாது.”

“சரிங்க மச்சான்” என்றார் என் வீட்டுக்காரர்.

பிள்ளையைப் பெற்ற மனிதர் சொல்கிற பதிலா இது? வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தார்? எனக்குச் சுருக்கென்றது. நான் வாழ வந்தேனா, பரீட்சை எழுத வந்தேனா? ஆனால் புதுப்பெண் என்ன பேச முடியும். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் வைத்ததுதான் சட்டம். காது குத்துவதிலிருந்து கல்யாணச் சீர் வரைக்கும் அவர் இல்லாமல் எதுவும் நடக்காது. அவர் வந்து கையைப் பிடித்து அழைத்தால் பிள்ளையை அனுப்பித்தான் ஆக வேண்டும்.

குழந்தை முதலில் என்னோடு பேசவே இல்லை. சோறு போட்டால் தின்னும், தலை வாரினால் உட்காரும், அவ்வளவுதான். ஒருநாள் நான் களை என்று நினைத்துக் கைநிறையப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல், “சின்னம்மா, அது செவ்வந்தி நாத்துங்க.” எனக்கு வெட்கமாகிவிட்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாமியாரும் வந்து பார்த்துவிட்டு, “நல்லா வந்து சேந்தே போ, அம்மணி” என்று தலையில் அடித்துக்கொண்டார். பிடுங்கியதையெல்லாம் நானும் குழந்தையும் மறுபடி நட்டோம். பாதி பிழைத்தது. அன்றைக்கிலிருந்து அவள் என் பின்னாலேயே திரிந்தாள்.

முதல் இரண்டு வருஷமும் காலம் எங்களை ஏமாற்றவில்லை. ஆனியில் பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்று கிளம்பும். பந்தல் கால்களை இழுத்துக் கட்டாவிட்டால் அவ்வளவும் பக்கத்து வீட்டில் போய் விழும். அந்தக் காற்றோடு சாரலும் வரும். ஆடியில் அவரையை ஊன்றுவோம். ஐப்பசியில் மழை இறங்கினால் கிணறு பாதிக்கு ஏறும், கொடி பந்தலை மூடிக்கொள்ளும். மார்கழிப் பனியில் அவரைப் பூ ஊதாவாகப் பூத்துக் கிடக்கும். தை மாதம் கூடை கூடையாகக் காய் பறிப்போம். பங்குனியில் எல்லாம் சுருங்கிவிடும். வேரடியில் சருகைப் பரப்பி, இருக்கிற தண்ணீரை அளவாக ஊற்றி, சித்திரையைத் தாண்ட வேண்டும். வேலைதான். ஆனால் எனக்குப் பிடித்திருந்தது. பொய் சொல்வானேன், மூத்தவள் வைத்த செடி என்பதுகூடப் பல நாள் மறந்துபோய்விடும்.

மறக்க விடாமல் மூத்தவளின் அண்ணன் வருவார். காங்கேயம் காளைகள் பூட்டிய வண்டி வாசலில் நிற்கும். “வாங்கண்ணா” என்று நான் சொம்பில் தண்ணீர் நீட்டினால் வாங்கமாட்டார். நேரே பொடக்காணிக்குப் போவார். ஒவ்வொரு செடியாகத் தொட்டுப் பார்ப்பார். வேரடியில் விரலை விட்டு ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பார். எலுமிச்சையிடம் ரொம்ப நேரம் நிற்பார். அதற்குப் பிறகுதான் திரும்பி வந்து தண்ணீர் குடிப்பார், குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுவார். நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிட்டேன். அவர் ஒரு தடவைகூட என்னைத் தங்கச்சி என்று சொன்னதில்லை. எப்போதும் அம்மணிதான். அந்த மனிதர் கண்கலங்கித் திரும்புவதையும் நான் பார்த்திருக்கிறேன். அதனால் பொறுத்துக்கொண்டேன்.

மூன்றாம் வருஷம் ஐப்பசி மழை ஏய்த்துவிட்டது. அடுத்த ஆனியில் காற்று மட்டும் வந்தது. வெறும் காற்று, புழுதியை வாரி இறைத்துக்கொண்டு. ஆடியில் மேகம் திரண்டு திரண்டு எங்கள் தலைக்கு மேலே கடந்து போயிற்று. வாளியை இறக்கித் தண்ணீர் சேந்துகிற எங்கள் வீட்டுக் கிணறு, பாறை தெரிகிற அளவுக்கு இறங்கிவிட்டது. அடியில் ஒரு மூலையில் ஊற்று கசியும். விடிவதற்குள் சேந்தினால் சில குடம் கிடைக்கும், அப்புறம் சேறுதான். காட்டில் சோளம் கருகியது. மாடுகளுக்கு எலும்பு எண்ணலாம் போல் ஆகிவிட்டது.

“இருக்கறது மாட்டுக்கும் குடிக்கறதுக்குமே பத்தாது. செடிக்கு ஊத்தறாளாம் செடிக்கு” என்றார் மாமியார்.

“செடி போனா புள்ளை போயிருமுங்களே அத்தை” என்றேன்.

அவருக்கும் பேத்தி வேண்டும்தானே. அதற்குப் பிறகு அரிசி களைந்த தண்ணீரை அவரே கொண்டுபோய் மருதாணிக்கு ஊற்றினார். நான் எலுமிச்சையின் பாத்தியிலேயே நின்று குளித்தேன். குழந்தையைக் கறிவேப்பிலைக்கடியில் பலகை போட்டு நிறுத்திக் குளிப்பாட்டினேன். பாத்திரம் கழுவின தண்ணீர், முகம் கழுவின தண்ணீர், எதையும் சும்மா விடவில்லை. மல்லிகை அப்படியும் செத்துப்போனது. அந்த இடத்தில் மண்ணைக் கொத்தி, ஒரு மல்லிகைப் பதியனைப் பக்கத்து ஊரிலிருந்து கெஞ்சி வாங்கி வந்து வைத்தேன். ஆம், ஏமாற்றத்தான் வைத்தேன். அதிலென்ன?

விடியற்காலையில் நான் கிணற்றுக்குப் போனால் குழந்தையும் எழுந்து வந்துவிடுவாள். ஆழத்திலிருந்து இழுக்க ஒருத்தி போதாது. நான் முன்னால் இழுக்க, அவள் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இழுத்தபடி பின்னுக்கு நடப்பாள். போய்ப் படு என்று எத்தனையோ தடவை விரட்டியிருக்கிறேன். ஒருநாள் முதுகில் ஒன்று வைக்கக்கூட வைத்தேன். அழுதுகொண்டே கயிற்றை விடாமல் நின்றாள்.

“செடி காஞ்சா மாமா என்னையக் கூட்டீட்டுப் போயிருவாருங்கல்ல சின்னம்மா? நா போமாட்டனுங்க.”

யார் சொல்லித் தெரிந்துகொண்டாளோ. குழந்தைகளுக்குத் தெரியாமல் வீட்டில் என்னதான் பேச முடிகிறது. அதற்குப் பிறகு நான் அவளை விரட்டவில்லை. பொழுது சாய்ந்ததும் அவள் கைக்கு விளக்கெண்ணெய் தடவிவிடுவேன். அவள் என் முந்தானையைப் பிடித்தபடியே தூங்குவாள்.

புரட்டாசியில் அவர் வந்தார். வழியெல்லாம் காய்ந்துபோன காட்டைப் பார்த்துக்கொண்டு வந்திருப்பார் போல, முகம் இறுகிக் கிடந்தது. நான் தண்ணீர்ச் சொம்போடு நின்றேன். கடந்து போனார். பின்னாலேயே போனேன், குழந்தையும் என் சேலையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

பொடக்காணியைப் பார்த்து அவர் அப்படியே நின்றுவிட்டார். ஊரே வறண்டு கிடக்க, அங்கே மட்டும் பச்சை. கறிவேப்பிலை துளிர்விட்டிருந்தது. எலுமிச்சையில் இலை ஒன்றுகூடப் பழுக்கவில்லை. வேரடியில் விரலை விட்டார். விரலில் ஈர மண் ஒட்டியிருந்தது. மல்லிகையையும் தொட்டுப் பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த ஒரு நிமிஷம், தங்கச்சி என்று கூப்பிடப்போகிறார் என்றே நினைத்தேன். ஜெயித்துவிட்டேன் என்று நெஞ்சு நிறைந்துபோயிற்று.

“வா சாமி” என்று குழந்தையைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்தார். பிடித்தவர் விடாமல் உள்ளங்கையைத் திருப்பினார். இன்னொரு கையையும் திருப்பினார். இரண்டிலும் கயிறு அறுத்த கோடுகள், காய்த்தும் காயாமலும்.

“இதென்னங்கம்மணி?”

“தண்ணி சேந்துனதுங்கண்ணா. நா வேண்டான்னுதான் சொன்னேன்…”

“நானாத்தானுங்க மாமா சேந்துனேன். சின்னம்மா சொல்லலீங்க” என்று குழந்தை முந்திக்கொண்டு சொன்னாள்.

“பாத்தீங்களா மாப்ளே” என்றார் அவர், வாசலிலிருந்து வந்து நின்ற என் வீட்டுக்காரரிடம். “எப்படிச் சொல்லிக் குடுத்து வெச்சிருக்குது பாத்தீங்களா.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “யாரு சொல்லிக் குடுத்தா? செடி காயப்படாதுன்னு சொன்னது நீங்கதானுங்க? மானத்துல மழை பேயலீன்னா நா எங்க போயித் தண்ணி கொண்டாரது? குடியானவன் ஊட்டுல கை காய்க்காத புள்ளை எங்கீங்க இருக்குது?”

“என்ற தங்கச்சி இருந்திருந்தா இந்தக் கையில மருதாணி இருந்திருக்கும்” என்றார். குரல் உடைந்துபோய்த்தான் சொன்னார். “செடியப் பாத்துக்கச் சொன்னேன். புள்ளையக் கொன்னு செடி வளக்கச் சொல்லலீங்க.”

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். மகள் நிற்கிறாள், நான் நிற்கிறேன், ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “மச்சான் சொன்னாச் சரித்தானுங்க” என்றார். மாமியார் பேத்தியைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுது என்ன ஆயிற்று? குழந்தையை வண்டியில் ஏற்றினார்கள். அவள் கத்திய கத்தலை இப்போதும் என்னால் சொல்ல முடியாது. சொல்லவும் வேண்டாம்.

மறுநாள் விடியலில் மாமியார், “செடிக்கு ஊத்துலீங்களா அம்மணி?” என்று கேட்டார். மருமகளுக்கு அவர் ‘ங்க’ போட்டுப் பேசியது அன்றைக்குத்தான். “இனி யாரு வந்து பாக்கப்போறாங்க அத்தை” என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

ஐப்பசியில் மழை வந்தது. வந்தது என்றால் அப்படி வந்தது. ஓடையெல்லாம் பொங்கி, கிணறு தளும்பி, பொடக்காணியில் நான் ஒரு கை தண்ணீர் ஊற்றாமலே அத்தனையும் தழைத்தது. முற்றத்தில் நின்று நனைந்துகொண்டே அந்த மழையைத் திட்டினேன். கெட்ட வார்த்தையில்தான் திட்டினேன். கொஞ்ச நாள் முன்னால் வந்திருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்?

தை மாதம் அவரை காய்த்துத் தொங்கியது. அவளுக்கு அவரைக்காய்ப் பொரியல் என்றால் உயிர். காங்கேயத்துக்குக் கடலைக்காய் மூட்டை ஏற்றிப் போகிற வண்டிக்காரர் ஒருவர் எங்கள் ஊரில் இருந்தார். இளங்காயாகப் பார்த்துப் பறித்து, ஒரு கூடை அவரிடம் கொடுத்தனுப்பினேன். மூத்தவள் விதையில் காய்த்தது, அவள் பிள்ளை தின்னட்டும். அதற்கு யார் குறுக்கே நிற்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

வண்டி திரும்பி வந்தபோது கூடையும் வந்தது. காய் அப்படியே இருந்தது, வதங்கி, ஓரமெல்லாம் கறுத்து.

“இனிமே ஒண்ணும் குடுத்துடவேண்டான்னு சொல்லச் சொன்னாருங்க” என்றார் வண்டிக்காரர்.

“புள்ளையப் பாத்தீங்களா?”

“பாத்தனுங்கம்மணி. நல்லாத்தான் இருக்குது. கெணத்தடியில காளைகளுக்குத் தண்ணி சேந்தீட்டு இருந்துச்சுங்க.”

கூடையைக் கொண்டுபோய் மாட்டுக்குக் கொட்டினேன். உள்ளே என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வண்டிக்காரர் சொன்னதைச் சொன்னேன், ஒரு சொல் விடாமல் அப்படியே சொன்னேன். அவர் கை வட்டிலிலேயே நின்றது. தலை நிமிராமலே, “மோரு ஊத்து” என்றார். ஊற்றினேன்.