பேர்ல் துறைமுகத்துக்கு ஐந்து காரணங்கள்

அமெரிக்காவில், எங்கள் பிளானோ ஆபீஸில் வெள்ளிக்கிழமை லஞ்சின்போது யாராவது ஒருவர் பத்து நிமிடம் பேச வேண்டும். சேர்ந்து இரண்டு மாதமாகியும் நான் மீட்டிங்கில் வாய் திறந்ததில்லை. வாய் திறக்காதவன் என்ற பெயரை மாற்ற, என் முறை வந்ததும் பேர்ல் துறைமுகத்தில் ஜப்பான் நடத்திய திடீர்த் தாக்குதலை எடுத்துக்கொண்டேன். பத்தாம் வகுப்பு வழக்கப்படி காரணங்களை ஐந்து பாயின்டாக எழுதி, அடிக்கோடிட்டு, மனப்பாடம் செய்து ஒப்பித்தேன். சீனப் போர், அமெரிக்காவின் எண்ணெய்த் தடை, ஹவாயில் நின்ற கடற்படை என்று தடங்கலில்லாமல் வந்தது.

மேனேஜர் அம்மா, ஐந்தில் எது பெரியது, உன் அபிப்பிராயம் என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். எந்தப் பரீட்சையிலும் என் அபிப்பிராயத்தைக் கேட்டதில்லை.

பக்கத்திலிருந்த கோயம்புத்தூர் அண்ணன், "ஏதாச்சும் சொல்லுப்பா, பீட்சா ஆறுது" என்றார்.

"எண்ணெய்தான்" என்றேன். "ரேஷனில் மண்ணெண்ணெயை நிறுத்தியபோது, வீட்டிலிருந்தது தீருவதற்குள் எங்கம்மா கடைக்காரரிடம் சண்டைக்குப் போய்விட்டார்."

"ஜெயித்தாரா?" என்றார் மேனேஜர் அம்மா.

"அன்றைக்கு ஜெயித்தார். அடுத்த மாதத்திலிருந்து எங்களுக்குத்தான் கடைசியாக ஊற்றினார்கள்."

எல்லோரும் சிரித்தார்கள். பீட்சா ஆறியே போனது. நான் இன்னும் பேசிக்கொண்டிருந்தேன், பாயின்ட் நம்பர் இல்லாமல்.