கண்ணாடிக்காரர் ஊர் விசாரிக்கிறார்

“ஹலோ, சலவைக்கடைங்களா? துணி ஒண்ணும் இல்லீங்க. அடுத்த மாசம் உங்க ஊர்ல ஒரு மாநாடு, வர்றேன். உங்க பக்கத்து ஜனங்க எப்படின்னு கொஞ்சம் சொல்லுங்களேன்.”

பாதிப் பேர் பட்டென்று போனை வைத்துவிடுவார்கள். கண்ணாடிக்காரர் அசர மாட்டார். கடையில் ஒருவர் ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு, எந்தக் கண் என்பதையே மறந்து உட்கார்ந்திருப்பார். அது பாட்டுக்கு அது. விசாரணை பாட்டுக்கு விசாரணை.

“ஆளைத் தெரியாம ஊருக்குள்ள காலை வைக்கிறது, ஆழம் தெரியாம கிணத்துல குதிக்கிற மாதிரி” என்பது அவர் கட்சி. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்கள் சங்கம் ஆண்டுதோறும் எந்த ஊரில் மாநாடு போட்டாலும் அவர் இப்படித்தான். ஆனால் இந்த முறை சங்கதி பெரிது. வருடக்கணக்காகக் கீழே உட்கார்ந்து கைதட்டியவரை மேடையேறிக் கட்டுரை வாசிக்கச் சொல்லியிருந்தார்கள். தலைப்பு: தூரப் பார்வைக் கோளாறுகள்.

சலவைக்கடைக்காரர் போனை வைக்கவில்லை. பேச ஆள் கிடைக்காமல் காய்ந்து கிடந்தவர் போலும், எல்லாவற்றையும் கொட்டினார். ஆற்றுக்கு வடகரை ஒரு கூட்டம், தென்கரை ஒரு கூட்டம். வடகரையாரிடம் “எங்க போறீங்க?” என்று கேட்டால் கோபம் வரும். தென்கரையாரிடம் கேட்காவிட்டால் கோபம் வரும். பாலத்து பஸ் நிறுத்தப் பலகையில் எந்தக் கரையின் பெயர் மேலே இருக்கிறது என்று தகராறாகி, இரண்டு பக்கமும் பேச்சுவார்த்தை இல்லை. சலவைக்கடைக்காரர் வடகரை ஆள் என்பதால், நடுநிலை தவறக்கூடாதென்று கண்ணாடிக்காரர் தென்கரையின் கணக்கு டீச்சருக்கும் போன் போட்டார். பிறகு மனைவியிடம் ஒத்திகை நடந்தது: ஒரு நாள் எங்கே போகிறாய் என்று கேட்பார், மறுநாள் வாயே திறக்க மாட்டார்.

“நீங்க மாநாட்டுக்குப் போறீங்களா, சம்பந்தம் பேசப் போறீங்களா?” என்றார் மனைவி.

ரயிலை விட்டு இறங்கியதும் வலது கையைச் சலவைக்கடைக்காரர் பிடித்தார்; இடது கையை டீச்சர் பிடித்தார். மாநாட்டு மண்டபம் இருந்த பக்கம் இரண்டு பேருமே திரும்பவில்லை. நேரே பாலத்துக்கு இழுத்துப் போனார்கள். பின்னால் இரண்டு கரை ஜனமும் வந்தது.

“நீங்களே சொல்லுங்க, யார் பேர் மேல இருக்கு?”

கண்ணாடிக்காரர் பார்த்தார். பலகை முழுக்கத் துருதான். ஓர் எழுத்து இல்லை. சலவைக்கடைக்காரரோ கண்ணை இடுக்கிக்கொண்டு, “வடகரை” என்று உரக்கப் படித்தார். டீச்சரும் கண்ணை இடுக்கி, “தென்கரை” என்று திருத்தினார்.

அந்த இடுக்கலைப் பார்த்ததும் தொழில் புத்தி துள்ளியது. தன் கண்ணாடியைக் கழற்றி டீச்சர் மூக்கில் மாட்டினார்.

“அடக் கடவுளே, இதுல ஒண்ணுமே இல்லியே!” டீச்சர் கூட்டத்தைப் பார்த்தார். “உங்களுக்கெல்லாம் தெரியாதா?”

“தெரியும் டீச்சர். பெரியவங்க படிக்கிறப்ப நடுவுல பேசினா மரியாதையா இருக்காதேன்னு...”

சலவைக்கடைக்காரர் கண்ணாடியைப் பிடுங்கிப் போட்டுப் பார்த்தார். அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். “அப்ப நாம எதுக்கு டீச்சர் இத்தனை வருஷம் பேசிக்கல?”

டீச்சரும் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு இருவரும் ஒரே குரலில் கண்ணாடிக்காரர்மேல் பாய்ந்தார்கள்: “நிம்மதியா சண்டை போட்டுக்கிட்டு இருந்தோம், வந்து கெடுத்துட்டீங்களே!”

புதுப் பலகையில் என்ன எழுதுவது என்று பேச்சு ஆரம்பித்தது. மண்டபத்தில் கட்டுரைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நழுவியிருக்கலாம். ஆனால் தான் கிளம்பினால் அந்தச் சாக்கில் இவர்களும் எழுந்து ஆளுக்கொரு கரைக்குப் போய்விடுவார்களோ என்று பயம். கட்டுரையைச் சட்டைப்பைக்குள் இன்னும் கொஞ்சம் ஆழமாக அழுத்திவிட்டு உட்கார்ந்தார்.

சாயங்காலம் வழியனுப்ப இருவரும் சேர்ந்தே வந்தார்கள். அவருடைய கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். திருப்பிக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. வண்டி நகர்ந்ததும் கண்ணாடிக்காரர் கதவோரம் நின்று, பிளாட்பாரத்திலிருந்த எடை பார்க்கும் இயந்திரத்துக்கும் பக்கத்துக் குப்பைத்தொட்டிக்கும், கண்கலங்க, நெடுநேரம் கையசைத்தார்.