படை 900, இறந்தவர் 1,140

“யாரு எண்ணுனா?” என்று கேட்காமல் பெர்சிஸ் டீச்சர் எந்த எண்ணையும் ஏற்பதில்லை. இருக்கன்குடிக் கோயிலில் ஆடிக் கடைசி வெள்ளிக்கு லட்சம் பேர் என்று பேருந்தில் ஒருவர் பெருமையாகச் சொல்ல, பின் இருக்கையிலிருந்து அப்படிக் கேட்டார். அந்த மனிதர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் அதே பேருந்தில் இருந்தேன்.

டீச்சர் சாத்தூருக்கு அருகே ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் ஆசிரியை. வயது முப்பத்து நான்கு. நான் முப்பத்தேழு வருடம் பிறப்பு இறப்புப் பதிவேடு எழுதியவன் என்பதால் என்னை அருகில் உட்கார விடுவார். நாலேகாலுக்குப் பிள்ளைகள் போனதும், மூலையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரை இரண்டு தட்டுத் தட்டி எழுப்புவார். மூன்று வருடமாக அது இடைக்காலப் போர்களில் மாண்டவர்களை மதிப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

நியூரல் நெட்வொர்க் என்கிறார். கணக்கு அழியாமல் தப்பிய 212 போர்களை அதற்குக் காட்டியிருக்கிறார்: படை எத்தனை, முற்றுகை எத்தனை நாள், தண்ணீர் எவ்வளவு தூரம், மழையா வெயிலா. அது சாவை ஊகிக்கும். எவ்வளவு பிசகு என்று காட்டினால் தன்னைக் கொஞ்சம் திருத்திக்கொண்டு மறுபடி ஊகிக்கும். இப்படி நாற்பதாயிரம் தடவை.

“பிள்ளைக மாதிரிதான் அய்யா. அடிச்சாப் படிக்காது. தப்பைக் காட்டுனாப் படிக்கும்.”

எழுநூறு வருடத்துக்கு முன் மண்ணானவர்களை ஒரு தகரப் பெட்டி தேடுவதை நான் வாய் பிளந்து பார்த்திருக்கிறேன்.

2008 பிப்ரவரி 12, செவ்வாய். மதுரைக் கருத்தரங்கிலிருந்து மின்னஞ்சல் வந்தது. பெர்சிஸின் முதல் கட்டுரை அங்கே போயிருந்தது: ஒரு கோட்டை முற்றுகை, ஓலை சொன்ன படை 900, பெட்டி சொன்ன சாவு 1,140. ‘இருந்தவர்களைவிட இறந்தவர்கள் அதிகமா? ஐந்து மணிக்குள் திருத்தாவிட்டால் கட்டுரை நீக்கப்படும்.’

மணி 4:35. அவர் 1,140-ஐ அழித்து 860 என்று தட்டினார். கண் கலங்கியிருந்தது.

அறையைப் பெருக்கிக்கொண்டிருந்த பாலம்மாள் நிமிர்ந்தார். பட்டாசுக் கம்பெனி வேலையை விட்டுப் பள்ளிக்கு வந்தவர். “என்ன டீச்சர், மூஞ்சி இப்படிக் கெடக்கு?”

பெர்சிஸ் சொன்னார். பாலம்மாள் சிரித்துவிட்டார்.

“இதுல என்ன அதிசயம்? நானே செத்தவதான். எனக்குக் காய்ச்சல்னு என் நாத்தனா மாரித்தாய் என் பேருல வேலைக்குப் போனா. இங்கன அதான வழக்கம்? ரூம் வெடிச்சிருச்சு. பாலம்மாள் செத்துட்டான்னு எழுதுனாக. அவ பேரு ஒரு நோட்டுலயும் இல்ல.” சிரிப்பு நின்றுவிட்டது. “அந்த ராசா படைக்குச் சோறு பொங்குனவுக, யானைக்குத் தண்ணி சொமந்தவுக பேரெல்லாம் ஓலையில இருக்கா டீச்சர்?”

பெர்சிஸ் அந்த 212 போர்களையும் ஒவ்வொன்றாகத் திறந்தார். புதைகுழி எலும்புகளை எண்ணிக் கணக்கெடுத்தவை பதினொன்று, எல்லாமே இந்தக் கோட்டையைப் போல நீண்ட முற்றுகைகள். பதினொன்றிலும் செத்தவர்கள் படைப் பட்டியலைத் தாண்டியிருந்தார்கள். யாரும் சொல்லித்தராமலே பெட்டி அதைக் கற்றிருந்தது.

“அவுக ஏத்துக்கிடலன்னா?” என்றார் பாலம்மாள்.

“கட்டுரை போயிரும்க்கா.”

மணி 4:52. பெர்சிஸ் 860-ஐ அழித்து 1,140 என்று மறுபடி தட்டினார். பிறகு ‘படை 900’ என்ற வரிக்குப் போய், ‘படை’யை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ‘பெயர் எழுதப்பட்டவர்’ என்று தட்டி அனுப்பினார்.