சுமிதா ஆற்றங்கரையில் அக்காவிடம் கேட்டது

காய்ந்து கிடந்த மணலில் புதுத்தண்ணீர் ஏறும்போது எழும் வாடை, புழுதியும் சேறும் வெயிலும் கலந்த ஒன்று, செல்லூரில் எங்கள் வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் போதும், தெருவே "தண்ணி வந்துருச்சு" என்று வைகையைப் பார்க்க ஓடும். அப்படியொரு நாளில்தான் மேலூரிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். நான் அப்போது ஏழாவது படித்தேன். மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்து, அம்மா கேசரியைத் தட்டில் வைக்கிற நேரத்தில், பட்டுப்புடவையும் தலை நிறைய மல்லிகையுமாக இருந்த அக்காவைக் காணவில்லை.

"அந்த எடுபட்டவ எங்கடி போனா? ஓடிப் போய்ப் பாரு" என்று அம்மா என் காதருகே பல்லைக் கடித்தாள்.

யானைக்கல் பாலத்துக் கூட்டத்துக்குள், கைப்பிடிச் சுவரில் வயிறு அழுந்தக் குனிந்து, சுழித்துப் போகிற செந்தண்ணீரைப் பார்த்தபடி நின்றிருந்தாள் அக்கா. முகம் நனைந்திருந்தது. நான் புடவையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "வாரேன், போ" என்றாள், திரும்பாமலே. பிறகு வந்தாள், காபி கொடுத்தாள், அந்த மாப்பிள்ளையையே கட்டிக்கொண்டு அவர் வேலை பார்த்த டோக்கியோவுக்குச் சிரித்த முகமாகவே போனாள். அன்று அவள் தண்ணீர் பார்க்கத்தான் போனாளா, வேறெதற்காவதா என்பது எனக்குப் புரியவேயில்லை; கேட்கவும் பயமாக இருந்தது.

இந்தப் பங்குனியில்தான் முதன்முதலாக அவள் வீட்டுக்குப் போனேன். ஒரு மாலை சுமிதா ஆற்றுக்குக் கூட்டிப்போனாள். இருபுறமும் கான்கிரீட் சுவர், மேலே ரயில் பாலம், நடுவில் படகுகளோடு நிறைந்து போகும் தண்ணீர்.

"அந்தக் காலத்துல தலைநகரம் வேற ஊராம். அத விட்டு வந்தவங்க இந்தத் துறையில நின்னு ஊர நெனச்சு அழுதாங்களாம். பழைய பாட்டுல எல்லாம் வருதாம்" என்றாள் அக்கா.

அழுகை என்ற பேச்சு வந்ததும் கேட்டுவிட்டேன். "அன்னைக்குப் பாலத்துல எதுக்குக்கா அழுத?"

"நானா?" விவரம் சொன்னதும் சிரித்தாள். "கிறுக்கி! நீதானடி தண்ணி பாக்கணும்னு ஓடுன. ஒன்னத் தேடித்தான அம்மா என்னை அனுப்புச்சு? நீ சுவத்துல ஏறி நின்ன. எனக்கு உசிரே போயிருச்சு."

"பொண்ணு பாக்க வந்த அன்னைக்குப் பொண்ணையா அனுப்புவாக?"

"அப்பாவுக்குத் தெரியாம, பின்வாசல் வழியா."

என் உள்ளங்கையில் அவள் புடவைச் சரிகை இன்னமும் உறுத்துகிறது. அவளோ பிடித்து இழுத்ததில் கிழிந்த என் பாவாடையைப் பற்றிச் சொல்கிறாள். யார் யாரைப் பிடித்துக்கொண்டு நின்றோம்?

"இரு, அம்மாட்டயே கேட்டுருவோம்" என்று அக்கா போனை எடுத்து, பெயரைத் தேடி, அப்படியே நின்றுவிட்டாள். அப்பா போய் வெகுகாலம். அம்மா போனது சென்ற ஐப்பசியில். திரையில் வெளிச்சம் அணையும்வரை இருவரும் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.