கூரை இல்லாத கார்

என் வீட்டுக்காரர் கிருபானந்தத்துக்கு ஆம்பூர் ஷூ ஃபேக்டரியில் இருபத்திரண்டு வருஷமாக ஒரே வேலை, ஸ்கைவிங். தோலை அப்படியே மடித்துத் தைத்தால் ஓரம் தடித்துக் காலைக் கடிக்கும். அதனால் ஓரத்தை முன்னாடியே மெல்லிசாகச் சீவ வேண்டும். சீவுவது மெஷின்தான். எவ்வளவு என்று சொல்வது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். போன ஆகஸ்டில் பேரணாம்பட்டு ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்ததில், வலது கையில் அந்த இரண்டு விரலுக்கும் போகிற நரம்பு அறுந்துவிட்டது.

வேலூரில் ஆபரேஷன் செய்து நரம்பைச் சேர்த்தார்கள். உணர்ச்சி வந்தாலும் மெதுவாகத்தான் வரும் என்றார்கள். அதுவரை தினமும் காலையில் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவது என் வேலையாயிற்று. முணுமுணுத்துக்கொண்டேதான் போடுவேன். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. காலரில் அழுக்கு, ஷேவ் சரியில்லை என்று கண்ணில் பட்ட குறையைச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

சூப்பர்வைசர் வாஹித் பாஷா வீட்டுக்கே வந்தார். "கிருபா, ஈஸ்டர் வரைக்கும் உன் மெஷின யாருக்கும் தரமாட்டேன். அதுக்கு மேல என் கையில இல்ல. கேட்ல வாட்ச்மேனா உக்கார வெச்சுடுவாங்க" என்றார். அவ்வளவு நாள் காத்திருப்பதே பெரிய மனசு. ஆனால் இவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி கொடுத்தவர் கிறிஸ்டினா என்ற பெண். களிமண் பிசையச் சொல்வார், பயறு பொறுக்கச் சொல்வார். இவர் சலித்துக்கொள்வார். ஜனவரியில் ஒருநாள் கிறிஸ்டினா ஓர் அட்டை டப்பாவை மேஜைமேல் வைத்தார். உள்ளே விரல் நீளத்துக்குப் பிளாஸ்டிக் துண்டுகள். சின்ன மாடல் கார்கள் ஒட்டுவது அவருக்குப் பொழுதுபோக்காம். ஒவ்வொரு செட்டிலும் மீந்துபோனவை அவை.

"இத வெச்சு ஒரு காரு பண்ணுங்கண்ணா."

"ஒண்ணுக்கொண்ணு சேராதேம்மா?"

"சேராதத சேக்கறதுதான் இந்தக் காரு" என்று போனில் படங்கள் காட்டினார். ஹாட் ராட் என்று பெயர். பழைய காரின் பானெட்டைக் கழற்றி, பெரிய இன்ஜினை வெளியே தெரிகிற மாதிரி வைத்து, பின்னால் குண்டுச் சக்கரம் மாட்டி, மனசுக்குப் பிடித்தபடி மாற்றிக்கொள்வார்களாம். "ஆனா வலது கையிலதான் பண்ணணும்."

எங்கள் சாப்பாட்டு மேஜை பட்டறையாயிற்று. ஒரு லாரியின் இன்ஜின், ஜீப்பின் சீட், ரேஸ் காரின் சக்கரம் எல்லாம் ஒரு பழைய கார் பாடியில் ஏறின. நான் பார்க்காதபோது இடது கையால் ஒட்டுவார். நான் விடுவேனா? "கிறிஸ்டினாம்மாக்கு போன் போடவா?" என்பேன். வலது கைக்கு மாற்றுவார், துண்டு நழுவி விழும். மேஜைக்கு அடியில் தவழ்ந்து தேடுவது நான்தான்.

மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காரின் கூரைக்குத் தோல் ஒட்ட ஆசைப்பட்டார். ஷூக்காரர் புத்தி வேறெங்கே போகும்! கிறிஸ்டினா கொடுத்த பசையை நம்பாமல் ஷூவுக்குப் போடும் சொல்யூஷனை எடுத்தார். ஃபேக்டரி வழக்கப்படி இரண்டு பக்கமும் தாராளமாகப் பூசி, கொஞ்சம் காயவிட்டு, அழுத்தி ஒட்டிவிட்டு என்னோடு சர்ச்சுக்கு வந்தார். திரும்பி வந்து பார்த்தால் கூரை எண்ணெயில் போட்ட அப்பளம்போல நெளிந்து உள்ளே இறங்கியிருந்தது. தோலை விடாமல் பிடிக்கிற சொல்யூஷன் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும் என்பது இத்தனை வருஷ சர்வீஸ்காரருக்குத் தெரியவில்லை.

"போச்சு. இந்தக் கையும் இப்படித்தான்" என்று டப்பாவை மூடினார். கண் கலங்கிவிட்டது.

எனக்குக் கோபம்தான் வந்தது. "கூரை போனா வெட்டிப் போடுங்க. அந்தம்மா காட்டுன படத்துல பாதிக் காருக்குக் கூரையே இல்ல. நான் பாத்தேன்."

வெட்டினார். இடது கை காரைப் பிடிக்க, வலது கைதான் சின்ன ரம்பத்தை இழுத்தாக வேண்டும். ஏமாற்ற வழியில்லை. மூன்று நாள் ஆயிற்று. கூரை போனதும் உள்ளே இருந்த சீட் பல்லிளித்தது. அதற்குத் தோலில் உறை போட்டே தீருவேன் என்றார். நகத்தளவு சீட்டில் தோல் மடிய வேண்டுமானால் வெங்காயச் சருகு மாதிரி சீவ வேண்டும். கத்தியை எடுத்துக் கையாலேயே சீவினார். கிழிந்தது. இன்னொரு துண்டு எடுத்தார், அதுவும் கிழிந்தது. பதினேழாவதோ பதினெட்டாவதோ கிழியவில்லை.

"ஜெயா, விரலுக்குத் தோலு தெரியுதுடி" என்றார்.

நான் சமையலறைக்குள் போய் ஆண்டவருக்கு நன்றி சொல்லி அழுதேன்.

ஈஸ்டருக்கு இரண்டு நாள் முன்பு வாஹித் பாஷா வந்தார். மற்ற ஊர்க்காரர்கள் என்றால் காரை உருட்டிப் பார்ப்பார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் தோலைக் கண்டால் தொடாமல் இருக்க மாட்டார்கள். அவர் சீட்டின் ஓரத்தை நகத்தால் இரண்டு தடவை நெருடினார்.

"இன்னா கிருபா, எந்த மெஷின்ல சீவுன?"

"மெஷின் உங்ககிட்டல்ல இருக்கு பாய். கையிலதான்."

"பண்டிகை முடிச்சுட்டுத் திங்கக்கிழமை வந்துடு."

கார் கிறிஸ்டினாவிடம் போய்ச் சேர்ந்தது. இவர் என்னென்னவோ பேச வேண்டும் என்று போனவர், "நன்றிம்மா" என்பதோடு நின்றுவிட்டார். புதிதாக வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று அவர் அதைக் களிமண் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். அவருக்கும் பாய்க்கும் நாங்கள் என்ன கைம்மாறு செய்யப்போகிறோமோ தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை, பழக்கதோஷத்தில் பொத்தான் போடப் போனேன். அவரே போட்டு முடித்திருந்தார். ஒன்றைத் தப்பாக மாட்டியதில் சட்டை ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி நின்றது. பார்த்தேன். ஒன்றும் சொல்லாமல் டிபன் பாக்ஸை நீட்டினேன். வலது கையால் வாங்கிக்கொண்டார்.