மொட்டைமாடி நிலவேம்பு

ஜனக்புரியில் அந்தக் குடியிருப்புப் பக்கம் போய் வைத்தி என்று கேட்டால், காய்கறி வண்டிக்காரன்கூட வீட்டைக் காட்டுவான். மத்திய அரசில் குமாஸ்தாவாகச் சேர்ந்து செக்‌ஷன் ஆபீசராக ரிடயர் ஆனவர். இத்தனை வருஷ சர்வீஸில் ஒருத்தருக்கும் ஒரு மெமோ கொடுத்ததில்லை. கீழே வேலை பார்த்தவன் மத்தியானம் சாவகாசமாக வந்தால், பஸ் கிடைக்கவில்லையோ பாவம் என்று இவரே காரணத்தையும் எடுத்துக் கொடுத்து, டீயும் வாங்கிக் கொடுப்பார். மனுஷனுக்கு இரக்கம் இருக்க வேண்டியதுதான், யார் வேண்டாம் என்றது? இவருக்கு அது வியாதி மாதிரி இருந்தது.

ரிடயர் ஆனதும் அந்த வியாதி செடிகள் பக்கம் திரும்பிற்று. மொட்டைமாடி முழுக்கத் தொட்டி வைத்து நிலவேம்பு வளர்த்தார். மழை விட்டுக் கொசு கிளம்பும் மாதத்தில் அங்கிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டுக்குப் பக்கத்தில் அண்டாவை ஏற்றி நிலவேம்புக் கஷாயம் காய்ச்சி எல்லாருக்கும் ஊற்றுவது வழக்கம். பஞ்சாபிக்காரர்களும் வரிசையில் நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பார்கள். அதற்கான கட்டு தமிழ்நாட்டு மலைக்காட்டிலிருந்து ரயிலேறி வரும். நாமே வளர்த்தால் என்ன என்று வைத்திக்குத் தோன்றியதில் தப்பே இல்லை.

தப்பு நடந்தது குடியிருப்போர் கூட்டத்தில். கட்டடத்துக்குப் பின்னால் ஒரு காலி மனை கிடந்தது. செக்ரெட்டரி சச்தேவா அதில் கார் நிறுத்தலாம் என்றார். டில்லியில் கார் நிறுத்துகிற சண்டை எப்படிப்பட்டதென்று சொல்ல வேண்டியதில்லை, அண்ணன் தம்பியே பேச்சை நிறுத்திவிடுவார்கள். எல்லாரும் தலையாட்டிக்கொண்டிருக்கும்போது வைத்தி எழுந்து, அங்கே மூலிகைத் தோட்டம் போடலாமே என்றார். சச்தேவா சிரித்தார். காட்டில் விளைந்தால்தான் மருந்து, தொட்டியில் விளைந்தால் கொத்தமல்லி என்றார். கூட்டமும் சிரித்தது. வைத்திக்கு எங்கிருந்துதான் ரோஷம் வந்ததோ, என் செடி காட்டுச் செடிக்குச் சமம், சோதித்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா?

அங்கேயே முடிவாயிற்று. கஷாய ஞாயிற்றுக்கு முன்னால் சோதனை. சமமாக இருந்தால் மனை தோட்டத்துக்கு, இல்லாவிட்டால் காருக்கு. சோதிக்கப் போகிறவள் இரண்டாம் மாடி மாதங்கி. கரோல் பாக் பக்கம் ஒரு மூலிகைச் சோதனைக் கூடத்தில் வேலை. அவளும் தன் காரை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டுத் தினம் நடந்து வருகிறவள்தான், அதனால் சச்தேவாவுக்கு ஏக திருப்தி.

வைத்திக்கு அந்த மனை எதற்கு என்று கேட்கலாம். பிள்ளை கௌஷிக் குர்காவுன் போய்விட்டான். ஆபீஸ் போய்விட்டது. காலையில் எழுந்தால் யாருக்கும் இவர் வேண்டியிருக்கவில்லை. தொட்டி மண்ணைக் கிளறும்போதுதான் மனசு நிறைந்தது. நிஜ மண்ணில், வெறுங்காலோடு, ஒரு தோட்டம் முழுக்க நடக்க வேண்டும் என்று அவருக்குக் கொள்ளை ஆசை. அது நடக்காமல் போய்விடுமோ என்று நினைத்தால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து மாடிக்குப் போய்விடுவார்.

எதற்கும் முன்கூட்டியே ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று மாதங்கியிடம் கொஞ்சம் இலையும் தண்டும் கொடுத்தார். போன வருஷக் காட்டுக் கட்டில் மிச்சம் இருந்ததையும் கொடுத்தார். அவள் இரண்டையும் ஒரே மாதிரி உலர்த்திப் பொடித்துச் சாறெடுத்து, தகட்டில் பொட்டு வைத்து, சத்துகள் தனித்தனிப் பட்டையாகப் பிரியும்படி ஏற்றிப் பார்த்தாள். ஒரு சாயங்காலம் வந்து, வைத்தியின் மனைவி சாவித்திரி மாமி கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே மொபைலில் படத்தைக் காட்டினாள். காட்டுச் செடிக்கு நேரே கறுப்பாக ஒரு பட்டை. வைத்தி செடிக்கு நேரே பென்சிலால் லேசாகக் கிழித்த மாதிரி ஒரு கோடு. அந்தப் பட்டைதான் நிலவேம்பின் கசப்புச் சத்து, ஆண்ட்ரோகிராபோலைடு என்று பேர். இவர் செடியில் அது பாதிகூட இல்லை.

வைத்தியின் முகம் தொங்கிப்போயிற்று. இவ்வளவு பார்த்துப் பார்த்து வளர்த்தேனே என்றார். இரண்டு வேளை தண்ணீர், மண்புழு உரம், வெயில் படாமல் பச்சை வலை, ஒரு பூச்சி உட்கார்ந்தால் அதையும் கையால் எடுத்து வெளியே விடுவது.

"அதுதான் அங்கிள் ப்ராப்ளம்," என்றாள் மாதங்கி. "கசப்பை அது நமக்காகவா பண்றது? பூச்சி கடிக்கறதுக்கு, வெயிலுக்கு, வறட்சிக்குத் தன்னைக் காப்பாத்திக்கப் பண்றது. நீங்க எல்லாத்தையும் பண்ணிட்டா அது எதுக்குக் கஷ்டப்படணும்?"

காட்டுச் செடியென்றாலே உசத்தி என்று நினைக்க வேண்டாம் என்றும் சொன்னாள். ஒரு வருஷம் வந்த காட்டுக் கட்டு, விதை உதிர்ந்தபின் அறுத்ததாம், வெறும் குச்சி. தொட்டியிலும் நல்லதாக விளையும். உரத்தை நிறுத்தி, வலையைப் பிரித்து, தண்ணீரைக் குறைத்து, பூ எடுக்கிற சமயத்தில் அறுத்தால் போதும்.

சாவித்திரிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "கௌஷிக்கையும் இப்படித்தானே வளர்த்தேள்? இன்னிக்கும் அவனுக்கு ஒரு பாங்க் சலான் பூர்த்தி பண்ணத் தெரியாது," என்றாள். அன்றைக்கே வலையைப் பிரித்தாள். உரச் சாக்கைக் கீழ்வீட்டுக்குக் கொடுத்தாள். வாரத்துக்கு ஒரு தரம் தானே அளந்து தண்ணீர் விட்டாள். அடியாத மாடு படியாது என்று செடிக்கும் புருஷனுக்கும் சேர்த்தே சொல்லிவிட்டாள்.

மழையும் அந்த வருஷம் சீக்கிரமே நின்றுவிட்டது. செடிகள் இளைத்தன. தண்டு சிவந்தது. இலையில் ஓட்டை விழுந்தது. வைத்தி மாடிக்குப் போய், ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கிறவர் மாதிரி நின்றுவிட்டு இறங்குவார். மாலையில் தலை தொங்கின செடிகளைப் பார்த்தால் நிஜமாகவே கண் கலங்கும். பொறுத்தார், பொறுத்தார். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார் பாருங்கள், சர்க்கார் ஆபீசில் வேலை பார்த்த மூளைக்குத்தான் அது தோன்றும்.

அவர் காலைச் சந்தியாவந்தனத்தை மாடியில், கிழக்கே பார்த்துப் பண்ணுகிறவர். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், சாவித்திரி கண்ணுக்குப் படாத மூலையில் சில நிலவேம்புத் தொட்டிகள் இருந்தன. சூரியனுக்குக் கையால் வார்க்கிற அர்க்கியத் தண்ணீரை அதில் விட ஆரம்பித்தார். அர்க்கியம் விடுவது தண்ணீர் ஊற்றுவதாகுமா? சாஸ்திரத்தில் அப்படிச் சொல்லியிருக்கிறதா? மனசாட்சி ஒத்துக்கொண்டது. பஞ்சபாத்திரம் கொஞ்ச நாளில் செம்பாயிற்று. செம்பு வாளியாயிற்று. சூரிய பகவானுக்கு அந்த வருஷம் ஜனக்புரியில் கிடைத்த உபசாரம் வேறு எங்கும் கிடைத்திருக்காது.

சோதனைக்குச் செடி எடுக்கும் நாள் வந்தது. சச்தேவாவும் மாதங்கியும் மாடி ஏறினார்கள், சாவித்திரியும் கூட வந்தாள். வாடி வதங்கி நின்ற வரிசையைப் பார்த்ததும் சச்தேவாவுக்கே பாவமாகிவிட்டது. ஆசாமி கத்தலே தவிர, மனசு தங்கம். நல்லதாக ஒன்றுகூட இல்லையா என்று தேடிக்கொண்டே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனவர், அங்கே பச்சைப்பசேலென்று புதராக நின்ற நிலவேம்பைக் கண்டு ஆனந்தப்பட்டுவிட்டார். இதைத்தான் எடுக்கப்போகிறேன், சச்தேவா ஏமாற்றினான் என்று நாளைக்கு ஒருவர் சொல்லக்கூடாது, உங்களுடையதில் முதல் தரமானதையே சோதிப்போம் என்றார்.

திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். வாயைத் திறந்தால் சாவித்திரியிடம் மாட்டிக்கொள்வார். திறக்காவிட்டால் மனை போய்விடும். சச்தேவா தண்டில் கையை வைத்துவிட்டார்.

"அது வேண்டாம் ஜி," என்றார் வைத்தி. "அதுக்கு நான் யாருக்கும் தெரியாமத் தண்ணி விட்டிருக்கேன். வாடிக் கிடக்கே, அதுதான் சரியான செடி."

சாவித்திரி பார்த்த பார்வையை வைத்தி தவிர வேறு யாரும் சந்திக்கவில்லை. சச்தேவாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நல்லதை விட்டு நோஞ்சானை எடுக்கச் சொல்கிறானே, இதில் என்ன சூது என்று முறைத்தார். மாதங்கிதான் வழி சொன்னாள். இரண்டையும் எடுப்போம், இந்த வருஷம் வந்த காட்டுக் கட்டிலிருந்தும் எடுப்போம், மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

ஞாயிற்றுக்கிழமை அண்டா கொதித்துக்கொண்டிருக்கும்போது அவள் படத்தோடு வந்தாள். காட்டுச் செடிக்குக் கறுப்புப் பட்டை. வாடின செடிக்கும் அதே பட்டை, ஒரு இழை கூடுதலாகவே. புதர்ச் செடிக்குப் பென்சில் கோடு. எல்லாரும் மொபைலைக் கைமாற்றிப் பார்த்தார்கள். சச்தேவாவுக்குப் படம் போதவில்லை. மிச்சமிருந்த செடிகளைக் கொண்டுவரச் சொல்லி, புதர்ச் செடியின் இலையை மென்றார். கசந்தது, விழுங்கிவிட்டார். வாடினதில் ஒரு துணுக்கை வாயில் போட்டதும் முகம் அஷ்டகோணலாயிற்று. வெல்லம், வெல்லம் என்று கையை ஆட்டினார். ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மாதங்கியும் சிரித்தாள், தன் கார் இனி நிரந்தரமாக இரண்டு தெரு தள்ளித்தான் என்று தெரிந்தும்.

வெல்லத்தை முழுங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, சச்தேவா எல்லார் முன்னாலும் தீர்ப்புச் சொன்னார்.

"மனை உங்களுக்கே, வைத்தி ஜி. ஒரே ஒரு கண்டிஷன். அங்கே போடுகிற குழாய்க்குப் பூட்டு உண்டு, சாவி பாபிஜியிடம் இருக்கும்."

வைத்தி மனைவியைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே கையை நீட்டிவிட்டாள். தோட்டம் முழுக்கத் தன்னுடையது, ஒரு சொட்டுத் தண்ணீர் தன்னுடையதில்லை. அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"மஞ்சூர், சம்மதம்," என்றார் வைத்தி. செருப்பைக் கழற்றிவிட்டு, பின்பக்கம் மனையைப் பார்க்கப் போனார்.